சர்வர் அமைக்கும் ஸ்கிரிப்டை இரண்டாவது முறை ஓட்டிப் பார்த்தீர்களா?

புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்தால் என்ஜின்எக்ஸ் (தளத்தைப் பார்வையாளருக்குக் கொடுக்கும் வெப் சர்வர்), பிஎச்பி (தளம் எழுதப்பட்ட நிரல்மொழி), டேட்டாபேஸ், கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) என்று ஒரே சடங்கைக் கையாலேயே செய்துகொண்டிருந்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்தில் ஆள் இருப்பதே மூன்று பேர். அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரு பாஷ் ஸ்கிரிப்டில் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பில்) போட்டேன். முதல் தடவை அருமையாக ஓடியது. அப்புறம் ஒரு போர்ட் எண்ணை மாற்ற, அதே சர்வரில் அதை மறுபடி ஓட்டினேன். அங்கே பிடித்தது வினை.

காரணம் >> குறி. கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்க அது சுலபம்தான். ஆனால் ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் அதே வரி இன்னொரு தடவை ஒட்டிக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் பல சமயம் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வாயே திறக்காது, முதலில் கண்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே எங்கோ பாஸ்வேர்டோடு நுழையலாம் என்று ஒரு வரி கிடக்க, நீங்கள் கடைசியில் 'கூடாது' என்று சேர்த்தால் கதவு திறந்தேதான் இருக்கும். பூட்டிவிட்ட நினைப்பில் நீங்கள் தே தாரிக் குடிக்கப் போயிருப்பீர்கள். அதனால் ஒட்டுப்போடாமல், உங்கள் அமைப்புகளைத் தனிக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுங்கள். எஸ்எஸ்எச்சில் எது செல்லுபடியாகிறது என்ற சந்தேகம் வந்தால், அதன் சர்வர் நிரலைப் பெரிய 'டி' கொடியோடு ஓட்டினால் காட்டிவிடும்.

என்னை அதிக நேரம் அலையவிட்டது டாலர் குறி. என்ஜின்எக்ஸுக்கும் $ஹோஸ்ட் போன்ற மாறிகள் (ஓடும்போது மதிப்பு நிரப்பப்படும் பெயர்கள்) உண்டு, பாஷுக்கும் $ குறிதான். ஹியர்டாக் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே பல வரிகளை எழுதிக் கோப்பில் போடும் முறை) வழியாகக் கோப்பை எழுதும்போது, தொடக்கத்தில் எல்லைக்குறியாக உள்ள ஈஓஎஃப்-ஐ மேற்கோளுக்குள் போடாவிட்டால் பாஷ் முந்திக்கொண்டு அவற்றைத் தன் மாறிகளாக நினைக்கும். அப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்றால் வெற்றிடம் வைக்கும். வந்தவர்களை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் 301 வரியில் 'எச்டிடிபிஎஸ்://$ஹோஸ்ட்$ரிக்வெஸ்ட்_யுஆர்ஐ' என்று எழுதியிருந்தேன். கோப்பில் விழுந்தது வெறும் 'எச்டிடிபிஎஸ்://'. இலக்கணப்படி பிழையில்லை என்பதால் என்ஜின்எக்ஸ் சோதனையும் சரி என்றது. வந்தவர்கள் எங்கும் போய்ச் சேரவில்லை.

மேற்கோள் போட்டால் டாலர் தப்பிக்கும், ஆனால் பாஷ் மாறியில் வைத்த உங்கள் டொமைன் பெயரும் உள்ளே போகாது. கோப்பில் உள்ள மாறிகளுக்கு மதிப்பை நிரப்பும் என்வ்சப்ஸ்ட் கருவிக்கு 'இந்த இரண்டு மாறிகளை மட்டும் நிரப்பு' என்று பட்டியல் கொடுப்பதே என் வழி. பட்டியல் கொடுக்காவிட்டால் அதுவும் எல்லாவற்றையும் விழுங்கும். ஸ்கிரிப்டின் உச்சியில் 'செட் -இயூ' இருக்கட்டும். இல்லாத மாறியைத் தொட்டவுடன் பாஷ் நின்றுவிடும். அன்று அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் சனிக்கிழமை தப்பியிருக்கும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதி கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கருவியில்) ஏற்றினால், பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அது இருக்கும். அழிப்பதோடு நிற்காமல் பாஸ்வேர்டையே மாற்றுங்கள். பாஸ்வேர்டு தனிக் கோப்பில், உரிமையாளர் மட்டும் படித்து எழுதக்கூடிய 600 அனுமதியோடு இருப்பது போதும்.

நேரத்தையும் பாருங்கள். மலேசியா 1982 முதல் யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வாடகை சர்வர்களோ பெரும்பாலும் யுடிசியிலேயே வரும். விடியற்காலை 2 மணிக்கு என்று நான் வைத்த பேக்கப், கோலாலம்பூரில் காலை 10 மணிக்கு, எல்லாரும் வேலையில் மும்முரமாக இருக்கும்போது ஓடியது.

மாற்றியதும் என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சோதனை தேறினால் ரீலோட் (நிறுத்தாமலே அமைப்பை மறுபடி படிக்கவைப்பது) போதும். கோப்பில் பிழை இருந்தால் ரீலோட் பழைய அமைப்பிலேயே ஓடவிடும். ரீஸ்டார்ட் செய்தால் தளம் படுத்துவிடும்.

பினாங்கில் இருந்து வேலை பார்க்கும் எங்கள் தம்பி ஒருவர், வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று அப்லோட் அளவை நேராகச் சர்வர் கோப்பிலேயே 64 எம்பியாக மாற்றினார். அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடியதும் அது என்ஜின்எக்ஸின் வழக்கமான 1 எம்பிக்குத் திரும்பியது. "அண்ணே, போன வாரமே சரிபண்ணிட்டேனே!" என்றார். அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் எழுதும் ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் 'கையால் திருத்தினால் அழிந்துபோகும்' என்று போட்டு, எங்கே திருத்த வேண்டும் என்ற பாதையையும் கீழே சேர்த்திருக்கிறேன். இப்போது தம்பி அங்கே போய்த்தான் மாற்றுகிறார். என்ன, சில சமயம் எனக்குச் சொல்லாமல்.