வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவுடன் செய்ய வேண்டியது

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், ஒருவர் தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அன்றே, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி அவரது இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. கையிலுள்ள இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் மீதமிருந்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்வது 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இதை அறியாமல் ஊருக்கு வந்து விமான நிலையத்தில் தவிப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆகவே, தாமதிக்காமல் அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாகப் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்கான சான்றிதழைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பின்னர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ஓசிஐ (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஓசிஐ அட்டை விசா இல்லாமல் வந்துபோக உதவுமே தவிர, வாக்குரிமையையோ விவசாய நிலம் வாங்கும் உரிமையையோ தராது.