ஜும்பிளாட் ‘அணி மாறினார்’ என்று எழுதும் முன்: வழக்கமாக நேரும் தவறுகள்

லெபனானில் ட்ரூஸ் என்ற சிறுபான்மை மதச் சமூகத்தின் தலைவர் வாலித் ஜும்பிளாட்டைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் ‘பச்சோந்தி’ என்ற சொல் முதல் பத்தியிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். திட்டுவது அவரவர் விருப்பம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் அடுத்து எந்தப் பக்கம் போவார் என்று ஒரு முறைகூடச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். சிரியாவுடன், சிரியாவுக்கு எதிராக, லெபனானின் ஷியா ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லாவுடன், ஹிஸ்புல்லாவுக்கு எதிராக என்று ஏறக்குறைய 50 ஆண்டுகளாக மாறி மாறி நின்றவர் அவர். ஆனாலும் மூன்று கணக்குகளை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை: ட்ரூஸ்கள் வாழும் ஷூஃப் மலையில் சண்டை மூளக்கூடாது, நாடாளுமன்றத்தில் ட்ரூஸ் இடங்கள் கைநழுவக்கூடாது, சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸில் ஆட்சியில் இருப்பவர் யார் என்பதை மறக்கக்கூடாது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்காமல் விடுவதால் வருபவை.

1977இலிருந்து தொடங்காமல் விடுவது

2005இல் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொலையோடு கதையை ஆரம்பித்தால் பாதி விஷயம் புரியாது. வாலித்தின் தந்தை கமால் ஜும்பிளாட் 1977 மார்ச் 16 அன்று ஷூஃப் மலைச் சாலையில் காரில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். சந்தேகம் சிரியா மீதுதான். ஆனால் அன்று மலையில் பழி தீர்க்கப்பட்டது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமத்து மக்கள் மீது. நாற்பதாம் நாள் துக்கம் முடிந்ததும், 27 வயது வாலித் டமாஸ்கஸ் போய் சிரிய அதிபர் ஹஃபீஸ் அல் அசாத்தைச் சந்தித்தார். ‘அப்பாவைக் கொன்றவரிடமே போய்க் கை கொடுத்தார்’ என்று இதை மானப் பிரச்சினையாக மட்டும் எழுதுவது சுலபம். சிரியப் படை அப்போது லெபனானுக்குள் இருந்தது. அதை எதிர்த்து நிற்கும் பலம் ஒரு சிறு மலைச் சமூகத்துக்குக் கிடையாது. 1983–84 மலைப் போரில் கிறிஸ்தவப் படையான லெபனீஸ் ஃபோர்ஸஸை ஷூஃபிலிருந்தும் ஆலேயிலிருந்தும் விரட்ட அவருக்குக் கிடைத்த ஆயுதமும் சிரியா வழியாக வந்ததே.

இங்கே இன்னொரு கவனம் வேண்டும். ‘சிரியாதான் கொன்றது’ என்று நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி எழுதாதீர்கள். லெபனானில் பரவலாக நம்பப்படுவது அது. வாலித்தும் அப்படித்தான் சொல்லிவந்தார். கொலையில் தொடர்புடையவர் என்று பல காலமாகக் குற்றம் சாட்டப்பட்டுவந்த முன்னாள் சிரிய விமானப்படை உளவுத்துறைத் தலைவர் இப்ராஹிம் ஹுவைஜா 2025 மார்ச்சில்தான், அசாத் ஆட்சி விழுந்த பிறகு, புதிய சிரிய அரசால் கைது செய்யப்பட்டார். கைது வேறு, தீர்ப்பு வேறு.

அறிவித்த நாளை மாறிய நாளாக எடுத்துக்கொள்வது

இதுதான் அதிகம் நேரும் தவறு, அதிகம் கெடுக்கும் தவறும்கூட. 2009 ஆகஸ்ட் 2 அன்று, தன் முற்போக்கு சோசலிஸ்ட் கட்சியின் கூட்டத்தில், ஹரீரி கொலைக்குப் பின் உருவான சிரிய எதிர்ப்பு அணியான மார்ச் 14 அணியுடனான கூட்டு கட்டாயத்தின் பேரில் வந்தது, அது தொடர முடியாது என்றார். உடனே எல்லோரும் அதற்கு முந்தைய வாரத்துச் செய்திகளைக் கிளறிக் காரணம் தேடினார்கள். காரணம் பதினைந்து மாதம் பின்னால் இருந்தது.

2008 மே 5 அன்று பிரதமர் ஃபுவாத் சினியோராவின் அமைச்சரவை இரண்டு முடிவுகள் எடுத்தது: ஹிஸ்புல்லாவின் தனித் தொலைபேசி வலையமைப்பு சட்டவிரோதம், பெய்ரூட் விமான நிலையப் பாதுகாப்புத் தலைவர் மாற்றப்பட வேண்டும். இந்த இரண்டையும் முன்னின்று கிளப்பியவர் ஜும்பிளாட். மே 7 அன்று ஹிஸ்புல்லாவும் கூட்டாளிகளும் மேற்கு பெய்ரூட்டுக்குள் இறங்கினார்கள். ஹரீரி தரப்பு ஆட்கள் சில மணி நேரத்தில் சுருண்டார்கள். மே 11 அன்று சண்டை மலையேறியது. ஷுவைஃபாத்திலும் ஆலே மலையிலும் துப்பாக்கிகள் முழங்கின. அங்கே ட்ரூஸ் ஆட்கள் திருப்பி அடித்தார்கள். ஆனாலும் ஜும்பிளாட் அன்றே தன் பரம்பரைப் போட்டியாளரும் ஹிஸ்புல்லாவின் நண்பருமான தலால் அர்சலானிடம் பேசி, மத்தியஸ்தம் செய்து பகுதியை ராணுவத்திடம் ஒப்படைக்கச் சொன்னார். ட்ரூஸ் அரசியலில் ஜும்பிளாட் குடும்பத் தலைவர் அர்சலான் குடும்பத்திடம் இப்படிக் கேட்பது சாதாரணம் இல்லை. அமெரிக்காவோ சவுதியோ அந்த ஐந்து நாளில் ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை என்பதை அவர் பார்த்துவிட்டார்.

பிறகு ஏன் உடனே விலகவில்லை? தேர்தல் இருந்தது. 2009 ஜூன் 7 தேர்தலில் மார்ச் 14 அணியின் பட்டியலிலேயே நின்றார். அணி 128இல் 71 இடம் வென்றது. இடங்கள் கைக்கு வந்தபின்தான் வாய் திறந்தார். 2010 மார்ச்சில் அல் ஜசீராவில், ஹஃபீஸின் மகனும் அப்போதைய சிரிய அதிபருமான பஷார் அல் அசாத்தைப் பற்றி 2007இல் தான் பேசியது தகாத பேச்சு என்று ஒப்புக்கொண்டார். அதே மாதம் 31 அன்று டமாஸ்கஸில் பஷாரைச் சந்தித்தார்.

ஆக, ஒரு திருப்பத்தை எழுதும்போது நான்கு தேதிகளை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அடி விழுந்த நாள், அடுத்த தேர்தல் நாள், அறிவித்த நாள், நாடாளுமன்றத்திலோ வெளிநாட்டிலோ செயலில் காட்டிய நாள். 2008 மே 11, 2009 ஜூன் 7, 2009 ஆகஸ்ட் 2, 2010 மார்ச் 31. மற்றத் திருப்பங்களுக்கும் இதே நான்கு கட்டங்களைப் போட்டுப் பாருங்கள். முதல் கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் தேடி முடிக்கவில்லை.

இடங்களை எண்ணாமல் எழுதுவது

லெபனான் நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் ட்ரூஸ்களுக்கு 8தான்: ஷூஃப் 2, ஆலே 2, பாப்தா 1, ராஷயா 1, ஹாஸ்பயா 1, பெய்ரூட் 1. மதவாரி ஒதுக்கீடு என்றதும் ட்ரூஸ் வேட்பாளருக்கு ட்ரூஸ்கள் மட்டும் வாக்களிப்பார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. தொகுதியில் உள்ள எல்லா மதத்தவரும் எல்லா இடங்களுக்கும் வாக்களிப்பார்கள். ஷூஃபின் 8 இடங்களில் 3 மரோனைட் கிறிஸ்தவம், 2 சுன்னி, 2 ட்ரூஸ், 1 கிரேக்கக் கத்தோலிக்கம். கடலோரப் பக்கத்து இக்லீம் அல் கர்ரூபின் சுன்னி வாக்கு ஹரீரி குடும்பத்தின் கோட்டையாக இருந்தது. எனவே ஹரீரியோடு முறித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஜும்பிளாட் தன் சொந்த மாவட்டத்தில் விலை கொடுக்கிறார். அதனால்தான் எத்தனை கசந்தாலும் அந்த உறவை முழுசாக அறுத்ததில்லை.

கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2005 தேர்தலைப் பாருங்கள். ஹரீரி கொலைக்குப் பின் மார்ச் 14 பேரணி, ஏப்ரல் 26 அன்று சிரியப் படை வெளியேற்றம். இந்தச் சூடு ஆறுவதற்குள் பாப்தா–ஆலே தொகுதியில் ஜும்பிளாட் கட்சியும், மலைப் போரில் அவர்கள் எதிர்த்துச் சண்டையிட்ட லெபனீஸ் ஃபோர்ஸஸும், சிரியாவின் கூட்டாளி ஹிஸ்புல்லாவும் ஒரே பட்டியலில் நின்றார்கள். எதிரே முன்னாள் ராணுவத் தளபதி மிஷேல் அவுனின் பட்டியல். பெய்ரூட்டின் தெற்குப் புறநகர் ஷியா வாக்குகள் அந்தத் தொகுதிக்குள் வருகின்றன. பெரும்பான்மை முறையில் அந்த வாக்கு இருக்கும் பட்டியல் 11 இடத்தையும் அள்ளும். அள்ளியது. ‘சிரிய எதிர்ப்பு அணியும் சிரிய ஆதரவு அணியும் 2005இல் நேருக்கு நேர் மோதின’ என்று எழுதுகிறவர்கள் இந்தத் தொகுதியைப் பார்க்கவே இல்லை.

தேர்தல் சட்டமும் மாறிக்கொண்டே வந்தது. 2017 சட்டம் விகிதாசார முறையையும் பட்டியலில் தனக்குப் பிடித்த ஒரு வேட்பாளருக்குப் போட ஆளுக்கு ஒரு விருப்ப வாக்கையும் கொண்டுவந்தது. ஷூஃபும் ஆலேயும் சேர்ந்து 13 இடம் கொண்ட ஒரே தொகுதியாயின. 2009இன் பழைய கணக்கை 2018க்கோ 2022க்கோ போட்டால் தப்பாகும். அவருடைய நாடாளுமன்றக் குழு 2009இல் 11 பேர், 2018இல் 9, 2022இல் 8. ஆனால் 2022இல் எட்டு ட்ரூஸ் இடங்களில் ஆறு அவர் பக்கம். மற்ற இரண்டும் புதிய மாற்று வேட்பாளர்களுக்கு. தலால் அர்சலானே தோற்றார். எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து ‘செல்வாக்குச் சரிந்தது’ என்று தலைப்பு வைத்தவர்கள், ட்ரூஸ்களுக்குள் போட்டித் தலைவரே இல்லாமல் போனதைக் கோட்டைவிட்டார்கள்.

2011 ஜனவரியில் 68 பேர் ஆதரவோடு நஜீப் மிகாத்தி பிரதமராக முன்மொழியப்பட்டபோது ஜும்பிளாட்தான் தராசைச் சாய்த்தார் என்பது சரி. ஆனால் அவருடைய குழுவே அன்று உடைந்தது. நெருங்கிய சகா மர்வான் ஹமாதே, ரஃபீக்கின் மகன் சாத் ஹரீரி பக்கமே நின்றார். ‘11 பேரையும் கூட்டிக்கொண்டு போனார்’ என்பது தவறு.

ஒரே நேரத்தில் ஒரே அணி என்று நினைப்பது

2011இல் சிரியாவில் கிளர்ச்சி வெடித்தது. சீக்கிரமே ஜும்பிளாட் பஷாருக்கு எதிராகப் பேச ஆரம்பித்தார். அரசுப் படையில் சேர்ந்து சண்டையிட வேண்டாம் என்று சிரிய ட்ரூஸ்களிடம் சொன்னார். அதே காலத்தில் பெய்ரூட்டில், ஹிஸ்புல்லா முக்கியப் பங்காளியாக இருந்த மிகாத்தி அமைச்சரவையில் அவர் கட்சி அமைச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2013 மார்ச்சில் மிகாத்தி தானாகப் பதவி விலகும்வரை அப்படியே. சிரியாவில் ஒருவரையொருவர் எதிர்ப்போம், லெபனானில் மோதிக்கொள்ள மாட்டோம் என்பதே ஏற்பாடு. தெற்கே போகும் கடற்கரைச் சாலை கால்தே வழியாகவும், டமாஸ்கஸ் நெடுஞ்சாலை ஆலே வழியாகவும் போகின்றன என்பதை வரைபடத்தில் பார்த்தால், அந்த ஏற்பாட்டில் இரு பக்கத்துக்கும் என்ன லாபம் என்பது விளங்கும். எனவே லெபனான் உள்நாடு, சிரியா, இஸ்ரேல்–பாலஸ்தீனம், வல்லரசுகள் என்று தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். ஒரு பத்தியில் வந்த மாற்றத்தை இன்னொன்றுக்குத் தானாகக் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்காவுடனான உறவும் இப்படித்தான் ஏறி இறங்கியது: 2003இல் அவருடைய விசாவை ரத்து செய்த அதே அமெரிக்கா, 2006இல் வாஷிங்டனில் அவரை வரவேற்றது.

நாடாளுமன்றத் தலைவர் நபீஹ் பெர்ரியைக் கட்டுரையில் சேர்க்காமல் விடுவதும் இதோடு வரும் தவறு. இருவரின் படைகளும் 1987இல் மேற்கு பெய்ரூட்டில் மோதியது உண்மை. உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஹிஸ்புல்லாவுடன் பேச்சு நின்றுபோன நாட்களிலும் பெர்ரி வீட்டுக் கதவு ஜும்பிளாட்டுக்கு மூடியதில்லை. ‘திடீரென்று சமரசம்’ என்று செய்தி வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ட்ரூஸ்கள் எல்லோருக்கும் அவரே தலைவர் என்று எழுதுவது

அவர் லெபனான் ட்ரூஸ்களின் தலைவர்; அங்கேயும் எல்லோருக்கும் அல்ல. சிரியாவின் ட்ரூஸ் பகுதியான சுவைதாவில் ஷேக் ஹிக்மத் அல் ஹிஜ்ரி, இஸ்ரேலில் ஷேக் முவஃபக் தரீஃப் என்று தனித்தனித் தலைமைகள், தனித்தனி நிலைப்பாடுகள். 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்தது. 22ஆம் தேதியே ஜும்பிளாட், மகன் தைமூரையும் ட்ரூஸ் மதகுருமாரையும் அழைத்துக்கொண்டு டமாஸ்கஸ் போய் சிரியாவின் புதிய ஆட்சித் தலைவர் அஹ்மத் அல் ஷாராவைச் சந்தித்தார். லெபனான் தலைவர்களில் முதல் ஆள் அவர்தான். 1977, 2010, 2024: டமாஸ்கஸில் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சாலையைத் திறந்து வைத்துக்கொள்கிறார். 2025 ஜூலையில் சுவைதாவில் ரத்தம் ஓடியபோது ஹிஜ்ரி தரப்பு பன்னாட்டுப் பாதுகாப்புக் கேட்டது. இஸ்ரேல் குண்டு வீசியது. ஜும்பிளாட் சிரியாவுக்குள்ளேயே தீர்வு வேண்டும், இஸ்ரேல் தலையீடு வேண்டாம் என்றார். இதற்காக ட்ரூஸ்களுக்குள்ளேயே அவர் கடுமையாக வசைபாடப்பட்டார். ‘ட்ரூஸ்கள் இஸ்ரேலை அழைத்தார்கள்’ என்றோ ‘ட்ரூஸ்கள் இஸ்ரேலை நிராகரித்தார்கள்’ என்றோ ஒற்றை வரியில் எழுதினால் இரண்டும் பிழை. எந்த ட்ரூஸ், எந்த நாட்டு ட்ரூஸ், யார் பேசினார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

யார் இப்போது பதவியில் என்பதைக் குழப்புவது

வாலித் 2018 முதல் நாடாளுமன்ற உறுப்பினர் அல்ல. அந்த இடம் தைமூருடையது. கட்சித் தலைமையிலிருந்தும் 2023 மே மாதம் விலகினார். அடுத்த மாதம் தைமூர் தேர்ந்தெடுக்கப்பட்டார். யாரும் தேர்வாகாமல் முடிந்த 2023 ஜூன் 14 அதிபர் வாக்கெடுப்பில் இவர்கள் குழு ஜிஹாத் அஸூருக்கு வாக்களித்தது. அவர் 59, சுலைமான் ஃப்ரான்ஜியே 51. ஃப்ரான்ஜியே பெர்ரியும் ஹிஸ்புல்லாவும் நிறுத்திய வேட்பாளர். 2024 டிசம்பரில் இதே குழு ராணுவத் தளபதி ஜோசஃப் அவுனை ஆதரிப்பதாக, மற்றப் பெரிய குழுக்கள் தயங்கிக்கொண்டிருந்தபோதே அறிவித்தது. 2025 ஜனவரி 9 அன்று இரண்டாம் சுற்றில் 99 வாக்கில் அவர் அதிபரானார். இந்த வாக்குகளை எழுதும்போது ‘ஜும்பிளாட் வாக்களித்தார்’ என்றால் அது தைமூர். பேட்டி கொடுப்பதும், டமாஸ்கஸ் பயணத்துக்குத் தலைமை தாங்குவதும் இன்னமும் பெரும்பாலும் வாலித். அப்பா பேட்டியில் சொன்னதும் மகன் குழு வாக்கில் காட்டியதும் வேறுபட்டால், குறித்துக்கொள்ள வேண்டியது வாக்கை.