"நான் உருப்படாதவன்" என்று தோன்றும்போது

நேற்று என்ன நடந்தது என்று கேட்டால், "நான் உருப்படாதவன் மேடம்" என்று பதில் வருகிறது. குடிநோய் ஆலோசகராக இதைக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் ஆறுதல் சொல்வதில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "மணி என்ன, எங்கே இருந்தீங்க, சாப்பிட்டீங்களா, யார்கூட சண்டை? அதை மட்டும் எழுதுங்க" என்பேன். நீங்களும் எழுதுங்கள். உங்களைப் பற்றிய தீர்ப்பு ஒரு வரிகூட அதில் வரக் கூடாது.

ஏன் இந்த விவரங்கள்? மூளையில் சுரக்கும் டோபமினை இன்ப ரசாயனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதிதான் சரி. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், முதலில் பழச்சாறு கிடைத்ததும் டோபமின் செல்கள் துடித்தன. பழகிய பிறகு, சாற்றுக்கு முன்னால் எரியும் விளக்குக்கே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. உங்களுக்கு அந்த விளக்கு சாயங்காலம் ஏழு மணியாக இருக்கலாம், போனில் வரும் ஒரு பெயராக இருக்கலாம். நீங்கள் யோசிக்கும் முன்பே மூளை கிளம்பிவிடுகிறது. 1993-இல் டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொன்றை முன்வைத்தார்கள்: 'வேண்டும்' என்ற உந்துதலும் 'பிடித்திருக்கிறது' என்ற ருசியும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள்; போதை முதலாவதைத்தான் ஏற்றிவிடுகிறது. "பிடிக்கவேயில்லை, ஆனாலும் குடிச்சேன்" என்று கூனிக்குறுகிச் சொல்வீர்களே, அது இதுதான்.

தாளில் உங்களைத் தூண்டியதை வட்டமிடுங்கள். நாளைக்கு அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அவமானத்தையும் அந்தத் தூண்டுதல்களோடு சேர்த்து எழுதுங்கள். குடியை விட்டுக் கொஞ்ச காலமே ஆனவர்களைக் கடைசியாகக் குடித்ததைப் பற்றிப் பேசவிட்டுப் படம்பிடித்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. பேசும்போது தோளும் நெஞ்சும் ஒடுங்கியவர்களே பின்னால் மறுபடி குடியில் அதிகம் வழுக்கினார்கள். அவமானம் உடம்புக்கு ஒரு நெருக்கடி. நெருக்கடி வேட்கையைக் கிளப்பும். திட்டினால் திருந்துவான் என்று நம்பும் உறவினர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

அவமானம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உபதேசம் செய்யாத ஆளாகப் பாருங்கள். மறைப்பதில் உயிராபத்தும் உண்டு: நாள்பட்ட குடியை யாரிடமும் சொல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஹெராயினை விட்டு இடைவெளிக்குப் பின் பழைய அளவையே தனியாக எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இரண்டிலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதுதான் வழி.

"எல்லாத்துக்கும் மூளைதான் காரணம்னா, என்னை அடிச்சதுக்கு யார் பொறுப்பு?" என்று மனைவிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேட்கை எப்படி வந்தது என்பதைத்தான் டோபமின் சொல்லும். அடித்ததற்கும் வாங்கிய கடனுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அதற்கு வேறு தாள் எடுங்கள்: யாருக்கு, எவ்வளவு, இந்த வாரம் என்ன செய்ய முடியும். மன்னிப்புக் கேட்பதைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். வீட்டில் அதை நிறையக் கேட்டுவிட்டார்கள்.