நெல் வயலில் மீத்தேனைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலும்

நீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்றுப் போகாது; அங்கே பெருகும் நுண்ணுயிரிகள் மீத்தேனை வெளியிடுகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும். வயலை அவ்வப்போது காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சுவதே காய்ச்சலும் பாய்ச்சலும்; காயும்போது மண்ணுக்குள் காற்றுப் புகுவதால் மீத்தேன் குறைகிறது.

மண்ணுக்குள் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க, 30 செ.மீ. நீள, 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மட்டும் மண்ணுக்குள் இருக்குமாறு வரப்போரம் புதையுங்கள். உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுவதால்தான் அளவு பொய்க்கிறது. களிமண் துளைகளை அடைக்கிறதா என்றும் பாருங்கள்.

நட்ட இரண்டு வாரம் கழித்து, குழாயில் நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. ஆழத்துக்கு இறங்கியதும் வயலில் 5 செ.மீ. உயரம் நீர் கட்டுங்கள். களை மிகுந்திருந்தால் சற்றுத் தாமதிக்கலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடாதீர்கள், பதர் கூடும்.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். மாறி மாறிக் காய்ந்து நனையும் மண்ணில் மிஞ்சும் தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாகிறது. அது மீத்தேனைவிடக் கடுமையாகப் புவியைச் சூடாக்கும்.