காய்ச்சல் விட்ட அன்றுதான் கவனம்

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குவும் ஏறத் தொடங்கிவிடும், தை வரைக்கும் விடாது. முதலில் வளவைப் பாருங்கள். டெங்கைப் பரப்பும் நுளம்புக்குக் கான் தண்ணீர் தேவையில்லை. சிரட்டை, பழைய டயர், சருகு அடைத்த கூரைப் பீலி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, இவ்வளவும் போதும். உவர்த் தண்ணீர்தானே என்று கரையோரத்தில் இருப்பவர்களும் விட்டுவிட வேண்டாம், எங்கள் பக்கத்து உவர் நீரிலும் இதன் குடம்பிகளைக் கண்டிருக்கிறார்கள்.

தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு வந்தால் வேலை முடியாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வாளியின் உட்சுவரில், கறுப்பு மண் துகள் மாதிரி ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். கிழமைக்கு ஒருதரம் பொச்சுமட்டையால் நன்றாக உரஞ்சிக் கழுவுங்கள்.

கடிப்பது பகலில், காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. நோயாளியைக் கடித்த நுளம்புக்குள் வைரஸ் பெருக 8 முதல் 12 நாள் எடுக்கும், அப்புறம் அது சாகும்வரை பரப்பும். அதனால் காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள்.

மருந்து பனடோல் (பரசிற்றமோல்) மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் தொடவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) கொடுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள், சத்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போய்விடும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் காய்ந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும்.

பிள்ளையின் நெற்றி குளிர்ந்துவிட்டது, சரி, நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று அம்மா நிம்மதிப்படுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள், அது இறங்கும்போதுதான், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த ஓட்டம் குறைந்து உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். வயிற்றுக்குத்து, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், கைகால் சில்லிடுதல், எழும்ப முடியாத சோர்வு, 6 மணித்தியாலமாகச் சலம் போகாமை: இதில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முன்பு டெங்கு வந்தவரா? முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். வைரஸில் 4 வகை, இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது கடுமையாகும் வாய்ப்புக் கூட. எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குச் சலம் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்து அதையும் கொண்டுபோங்கள்.