பேண்டு போட்டிக்கு ஷோ அமைப்பது எப்படி? கண்ணுக்கு ஒரு முறை, காதுக்கு ஒரு முறை

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் முதன்முதலாகப் பேண்டு பழக்கிய வருஷம், ஆறு நிமிஷத்துக்குள் ஐந்து பாட்டும் ஒன்பது ஃபார்மேஷனும் (ஆட்கள் அணிவகுத்து நிற்கும் வடிவம்) திணித்தேன். முடிந்ததும் ஒரு மாணவியின் பாட்டி சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு சாரே. ஆனா ஒரே பாட்டையே எத்தனை தடவை வாசிப்பாங்க?" ஐந்தும் ஒரே வேகம், ஒரே சத்தம். வடிவங்கள் மாறியதோ அவர் கண்ணிலேயே படவில்லை.

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: இசை மாறும்போது ஆட்கள் நிற்கட்டும், ஆட்கள் நகரும்போது இசை பழகியதாக இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து மாறுவது ஷோவில் ஒரே ஒரு இடத்தில்தான்.

முதல் வேலை, கையேடு. கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தின் பேண்டு மேளமோ, குடியரசு தினப் பள்ளி பேண்டு போட்டியோ, அந்த ஆண்டு விதிகளை வாங்கி நேரம், ஆள் கணக்கு, அனுமதித்த கருவிகள் மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நேரம் எண்ணுவது மைதானத்துக்குள் நுழையும்போதா, முதல் அடி விழும்போதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து பாட்டு. மூன்று போதும். நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு மார்ச். பிறகு மூன்று அடித் தாளத்தில் மெதுவான ஒன்று. டிரம் எல்லாம் வாய் மூட, ஊதுகருவிகளான கிளாரினெட்டும் யூஃபோனியமும் மட்டும். இந்த இடத்தில் யாரும் நகர வேண்டாம். கடைசிப் பாட்டை வளர்ப்பது எப்படி என்று நம் ஊர்ச் செண்டைக்காரர்களிடமே கற்கலாம். பஞ்சாரி மேளத்துக்கு ஐந்து காலம், அதாவது ஐந்து கட்டம். முதலில் தாளத்தின் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. சுற்று சுருங்கச் சுருங்கக் கூட்டத்தின் கைகள் தானாக மேலே எழும்பும். அதுபோல ஒரே மெட்டை ஒற்றை டிரம்பெட்டில் மெல்லத் தொடங்கி, வேகம் கூட்டி, முழு செட்டோடு முடியுங்கள். நான்காவது பாட்டைத் தேடும் வேலை மிச்சம்.

இனி கவுண்ட், அதாவது அடிக்கு ஒன்றாக எண்ணும் கணக்கு. மார்ச் 2 நிமிஷம் என்றால் 240 கவுண்ட். எட்டெட்டாகப் பிரித்தால் 30 வரி. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் "காது", "கண்" என்று இரண்டு பத்தி. முன்னே சொன்ன அந்த ஒரே இடம் தவிர, ஒரே வரியில் இரண்டிலும் மாற்றம் வந்தால் ஒன்றை அழியுங்கள். அழிக்க மனசே வராது, எனக்கும் வராது.

வடிவத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது வரிசை சுழலும் இடத்தில். மீட்டருக்கு ஒருவராக எட்டுப் பேர் நிற்கிறார்கள். உள்முனையில் இருப்பவர் மார்க் டைம், அதாவது நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பார். எட்டாவது ஆள் அவரிடமிருந்து 7 மீட்டர் தள்ளி. கால் வட்டம் திரும்ப அவர் நடக்க வேண்டியது 11 மீட்டர். 16 கவுண்ட் கொடுத்தால் ஒவ்வொரு காலடியும் 69 சென்டிமீட்டர். பேஸ் டிரம் சுமந்த பொடியனுக்கு அது ஓட்டம். 24 கவுண்ட் கொடுங்கள், 46 சென்டிமீட்டர் ஆகிவிடும், வரிசையும் உடையாது.

நகராமலும் காட்சியை மாற்றலாம். திருச்சூர் பூரத்தில் குடமாற்றம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யானைகள் நின்றபடி நிற்கும், மேலே குடை மட்டும் மாறும், கூட்டம் கத்தித் தீர்க்கும். கொடியின் நிறமோ, டிரம்பெட்டுகள் ஒன்றாக உயர்வதோ அந்த வேலையைச் செய்யும்.

டிரம் வரிசையைப் பின்னால், நடுவில் வையுங்கள். சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் பரந்து நின்றால் பத்தில் ஒரு நொடி தாமதம். 120 வேகத்தில் அது ஓர் அடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் முன்னால் நிற்பவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் டிரம்முக்கு வாசிக்க வேண்டும். டிரம்காரர்கள் முன்னால் கேட்பதை நம்பாமல் பேண்டை நடத்தும் டிரம் மேஜரின் கையை மட்டும் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை, காற்று. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். பெரிய சாட்டின் கொடி கம்பைச் சுற்றிக்கொண்டு, பிள்ளை அதைப் பிரிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். கொடியைச் சின்னதாக வெட்டுங்கள். மெதுவான பாட்டுக்கு முன்பாகவே வரிசையை நடுவர் மேசைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கிளாரினெட் காற்றோடு போய்விடும்.

ஒத்திகையின் முதல் வாரம் கருவி வேண்டாம். மெட்டை வாயால் பாடிக்கொண்டே நடக்கட்டும். கருவியோடு நடக்கத் தொடங்கியதும் பள்ளி மாடி வராந்தாவிலிருந்து செல்போனில் படம் பிடியுங்கள். வீட்டில் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இன்னொருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்தக் கவுண்டில் கொட்டாவி வருகிறதோ, நோட்டில் அந்த வரியைச் சுழித்து வையுங்கள்.