‘அந்தமாதிரி’யை எங்கே சொல்லலாம்?

கல்யாணச் சேலை எடுக்கச் சென்னையில் நான்கு நாள், பிறகு யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகு எங்கள் ஆட்கள் பலருடைய பயணம் இப்படித்தான் அமைகிறது. ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத பறப்பு. அதற்குள் ஒரு சொல் தலைகீழாகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு ‘அந்தமாதிரி’ என்பதற்கு மேல் புகழ்ச்சி இல்லை. சாப்பாடு அந்தமாதிரி, திருவிழா அந்தமாதிரி, தவில் அந்தமாதிரி. தமிழ்நாட்டில் ‘அதைப் போல’ என்பதே சாதாரணப் பொருள். ஆனால் குரலைத் தாழ்த்தி ‘அந்த மாதிரிப் படம்’ என்றால், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாத படம்.

தியாகராய நகர்க் கடை ஒன்றில் பெரியம்மா அரக்கு நிறப் பட்டின் முந்தானையை விரித்து, கையால் தடவி, “மகள் இதைக் கட்டினால் அந்தமாதிரி இருப்பாள்” என்றார். மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது. “அம்மா, இது முகூர்த்தப் புடவை அம்மா” என்றாள், மெதுவாக.

கொச்சைப் பொருளைச் சினிமாதான் கொண்டுவந்தது, எங்களுடையதே சரி என்று பெரியப்பா இன்றும் வாதாடுகிறார். பெயர் சொல்லக் கூசுவதைத்தானே அப்படிச் சொல்வோம் என்கிறார் சென்னை நண்பர். எனக்கென்னவோ இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்களாகவே படுகிறது. சொல்ல வார்த்தை வராதபோது சுட்டிக் காட்டுகிறோம். ஒருவருக்கு வியப்பில் வரவில்லை, மற்றவருக்குக் கூச்சத்தில்.

பயணிக்கு உதவும் அடையாளம், சொல் நிற்கும் இடம். யாழ்ப்பாணப் புகழ்ச்சி பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில், ‘மா’வை நீட்டிக்கொண்டு வரும். தமிழ்நாட்டுக் கொச்சை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சென்னையில் சாப்பாட்டை அப்படிப் புகழ்ந்தால் “எந்த மாதிரி?” என்று திருப்பிக் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆட்களை, அதிலும் பெண்களை, அந்தச் சொல்லால் புகழவே வேண்டாம். ‘பிரமாதம்’ போதும்.

வழியில் இன்னும் இரண்டு சொற்கள் காலை வாரும். பிள்ளை பெற்றவளுக்குச் ‘சரக்கு’, அதாவது மசாலாப் பொருட்கள், அரைத்துக் கறி வைப்பது நம் வழக்கம். சென்னையில் சரக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் டாஸ்மாக் மதுக்கடைக்கு வழி காட்டுவார்கள். மளிகைக் கடை என்று கேளுங்கள். மறுபக்கம், தமிழ்நாட்டுப் படங்களில் தமிழ் பழகிய நம் பிள்ளைகள் ஊரில் “தாத்தா என்னிடம் பேசினார்” என்றால், கிழவர் ஏன் ஏசினார் என்று வீடே விசாரிக்கும். அங்கே உரையாடுவது என்றால் ‘கதைப்பது’. பேசுவது என்றால் திட்டுவது.

ஊர் போய்ச் சேர்ந்தபின் ‘அந்தமாதிரி’யைத் தாராளமாக எடுத்து விடலாம். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழைப் பலா இலையில் ஊற்றிக் குடிக்கும்போது மட்டும் கவனம். இலையைக் கீழே வைத்த பிறகு சொல்லுங்கள். கையில் இருக்கும்போதே சொன்னால், நண்டுக் காலோடு இன்னோர் அகப்பை வந்து விழும்.